கேட்காமல் வந்த காவல்

மலேசியாவின் ரெம்பாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் கேமரா இல்லாத கோயில் இப்போது அரிது. உண்டியலை உடைத்துவிட்டார்கள், அம்மன் தாலியைக் காணோம், லயத்து வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் போய்விட்டது, வெட்டி அடுக்கிய செம்பனைக் குலைகளை இரவோடு இரவாக லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது, நிர்வாகக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து "கேமரா போட்டுருவோம்" என்பார். சிரம்பானிலிருந்து ஆள் வருவார். நான்கோ எட்டோ கேமரா மாட்டி, படத்தைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியை அலமாரிக்கு மேலே வைத்து, பொருளாளரின் கைத்தொலைபேசியில் படம் தெரியும்படி செய்து கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்தப் பெட்டி ஒரு கணினி. பெரும்பாலானவற்றில் ஓடுவது லினக்ஸ். தோட்டத்துக் கோயிலில் இருக்கும் படத்தைக் கோலாலம்பூரில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமானால், வெளியுலகத்திலிருந்து பெட்டியை எட்ட ஒரு வழி வேண்டும். பல பெட்டிகளில் அந்த வழியை மோடமில் அப்படியே திறந்து வைத்துவிடுகிறார்கள். பயனர் பெயர் அட்மின். கடவுச்சொல் தொழிற்சாலையில் போட்டதே. அது பொருளாளருக்குத் தெரிந்த கடவுச்சொல். சில மாடல்களில் டெல்நெட் என்ற தொலைவழிக் கட்டளை முறையின் வழியாக உள்ளே போவதற்கென்று இன்னொரு கடவுச்சொல்லும் பதிந்திருக்கும். அவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் திரையில் அதை மாற்ற இடம் கிடையாது.

இப்படிப்பட்ட பெட்டிகளுக்குள் யாரும் அழைக்காமல் நுழைந்து, திருட்டு நிரல்களை விரட்டிவிட்டுத் தானே காவல் இருந்த நிரல்களும் உண்டு. பத்தாண்டுகளுக்கு மேலாக நீளும் அவற்றின் பயணத்தைத்தான் எழுத வந்தேன். ரெம்பாவில் எந்தப் பெட்டிக்குள் எது வந்து தங்கியது என்று எவராலும் சொல்ல முடியாது. அதற்கான காரணம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம்.

2014 நவம்பரில் ஆய்வாளர் ஒருவர் தம் வீட்டு ரவுட்டர் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்று உள்ளே தேடினார். அங்கே அவர் வைக்காத ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. வைஃபாட்ச் என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். பெர்ல் மொழியில் எழுதப்பட்ட நிரல். சின்னஞ்சிறு கருவிகளில் பெர்ல் இருக்காது என்பதால் அதை ஓட்டத் தேவையானதையும் தன்னோடு தூக்கிக்கொண்டு வந்தது. டெல்நெட் வழியாக, எளிதில் யூகிக்கக்கூடிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நுழையும். நுழைந்த கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நடுவில் தலைமைக் கணினி என்று ஒன்று கிடையாது. சிமான்டெக் நிறுவனம் மாதக்கணக்கில் அதைக் கவனித்தது. தாக்குதல் நடத்தும், ஆள் தகவலைத் திருடும் எந்தப் பகுதியும் அதில் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த தீய நிரல்களைத் தேடி அழித்தது. டாஹுவா நிறுவனத்தின் டிவிஆர்களுக்கென்றே ஒரு பகுதி வைத்திருந்தது: வாரம் ஒருமுறை பெட்டியைத் தானாக அணைத்து எழுப்பும். கருவியின் நினைவகத்தில் மட்டும் தங்கும் தொற்று அதோடு கழுவிப் போய்விடும்.

2015 அக்டோபர் 1ஆம் தேதி சிமான்டெக் இதை வெளியே சொன்னது. பல்லாயிரம் கருவிகள். அவற்றில் ஏறத்தாழ 32 விழுக்காடு சீனாவில், 16 பிரேசிலில், இந்தியாவில் 9. செய்தி வந்த சில நாட்களில் அதை எழுதியவர்கள் 'வெள்ளை அணி' என்ற பெயரில் நிரலின் பெரும்பகுதியைப் பொதுவில் வைத்தார்கள். உங்களை நாங்கள் நம்பலாமா என்ற கேள்வியைத் தாங்களே எழுப்பி, கூடாது, உங்கள் கருவியை நீங்களே பாதுகாத்துக்கொள்ளுங்கள் என்று பதிலும் சொல்லியிருந்தார்கள். நேர்மையான பதில் என்றே இன்றும் நினைக்கிறேன். தங்கள் நிரலிலேயே ஓட்டை இருக்கலாம், அதன் வழியாக வேறொருவர் நுழையலாம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

வைஃபாட்ச் ஒரு பெட்டிக்குள் கடைசியாகச் செய்த வேலை, டெல்நெட்டை மூடிவிட்டு ஒரு குறிப்பு வைத்தது. மேலும் தொற்று வராதிருக்க டெல்நெட் மூடப்பட்டிருக்கிறது. அதை நிரந்தரமாக நிறுத்துங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஃபெர்ம்வேரைப் புதுப்பியுங்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது. யாராவது டெல்நெட்டில் அந்தக் கருவியைத் தொட்டால் மட்டுமே அது தெரியும். கோயில் பொருளாளர் டெல்நெட்டில் பெட்டியைத் தொடுவதில்லை. தொடுகிறவன் திருடன், அல்லது ஆய்வாளன். உடைமைக்காரருக்கு எழுதிய கடிதம், உடைமைக்காரர் வாழ்நாளில் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

இந்த வகைக்கு முன்னோர் உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு விண்டோஸ் கணினிகளை ஆட்டிவைத்தபோது, அதே ஓட்டை வழியாக வெல்ச்சியா என்ற இன்னொரு புழு வந்தது. பிளாஸ்டரை அழித்தது, மைக்ரோசாஃப்டின் திருத்தத்தைத் தானே இறக்கிப் போட்டது. நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் அடுத்த கணினியைத் தேடி அது அனுப்பிய விசாரிப்புகளின் நெரிசலில் பிணையங்கள் திணறின. ஏர் கனடாவின் பயணப் பதிவு தடுமாறியது. செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் விசாச் சரிபார்ப்பு சில மணி நேரம் நின்றுபோனது.

2016இல் நிலைமை முற்றிவிட்டது. மிராய் என்ற நிரல், அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பயனர் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. செப்டம்பரில் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸின் தளத்தின் மீது வினாடிக்கு 620 கிகாபிட் அளவில் தாக்குதல் நடந்தது. அம்மாதக் கடைசியில் அதன் நிரலையே பொதுவில் கொட்டிவிட்டார்கள். அக்டோபர் 21ஆம் தேதி இணையப் பெயர்ச் சேவை தரும் டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டு, ட்விட்டர் முதல் நெட்ஃபிளிக்ஸ் வரை அமெரிக்காவில் பலருக்குப் பெரிய தளங்கள் எட்டாமல் போயின. நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வீட்டு ரவுட்டர்கள் மிராயின் ஒரு வடிவத்தால் முடங்கின. அந்த வடிவம் நுழையப் பார்த்த வழி 7547 என்ற எண்ணுள்ள போர்ட். தொலைபேசி நிறுவனம் தன் அலுவலகத்தில் இருந்தபடியே வாடிக்கையாளர் வீட்டு மோடமைச் சரிசெய்வதற்கென்று வைத்துக்கொண்ட வழி அது. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். இந்தியாவுக்கும் இது வரும்.

அதே 2016 அக்டோபரில், மிராயைத் தேடிக்கொண்டிருந்த ரேபிடிட்டி நெட்வொர்க்ஸ் ஆய்வாளர்கள் ஹாஜிமேயைக் கண்டார்கள். மிராய் தட்டுகிற அதே இடங்களில் இதுவும் தட்டியது, ஏறக்குறைய அதே கடவுச்சொற்களோடு. உள்ளே வந்ததும் டெல்நெட்டுக்கான 23, அதோடு 7547, 5555, 5358 ஆகிய போர்ட்களை அடைத்துவிடும். கட்டளைகளைப் பிட்டோரன்ட் பகிர்வு வலையின் வழியாக வாங்கிக்கொள்ளும், ஆகவே யாரும் ஓர் இடத்தைப் பிடுங்கி அதை நிறுத்த முடியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, நானொரு நல்ல நோக்கமுள்ளவன், சில கருவிகளைப் பாதுகாக்கிறேன் என்ற பொருளில் கையொப்பமிட்ட ஒரு செய்தியைக் கருவியின் முனையத்தில் எழுதும். முனையம் என்பதும் யாரும் பார்க்காத இடம்தான். 2017 ஏப்ரலில் காஸ்பர்ஸ்கி கணக்கில் ஏறத்தாழ 3 லட்சம் கருவிகள் அதன் கையில் இருந்தன. அந்தப் படையை வைத்து அது யாரையும் தாக்கியதாகப் பதிவில்லை. மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் வலைக்குள்ளேயே இருந்து கணக்கெடுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வுவரை பார்த்தால், நாள்தோறும் பத்தாயிரக்கணக்கில் கருவிகளோடு அது உயிரோடிருந்தது. புதிய ஓட்டை கிடைத்தபோதெல்லாம் எண்ணிக்கை ஏறியது. ஓட்டையைப் பயன்படுத்தி நுழைகிறவன்தானே அந்த ஓட்டையை அடைக்கிறான் என்று ஆறுதல் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 3 லட்சம் பெட்டிகளின் சாவி முகம் தெரியாத ஒருவரிடம் இருந்தது. அவர் மனம் மாறவில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

ஹாஜிமேயும் வைஃபாட்சும் நினைவகத்தில் மட்டும் குடியிருந்தவை. பெட்டியை அணைத்துப் போட்டால் போய்விடும். இதை ரெம்பாவில் வைத்து யோசித்துப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேகம் கருத்து இடி இறங்கும். தோட்டத்தில் மின்சாரம் துண்டிக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பும். டிவிஆர் பெட்டி மறுபடி எழும்போது உள்ளே இருந்த காவலும் இல்லை, அது அடைத்த போர்ட்களும் அடைபட்டிருப்பதில்லை. கடவுச்சொல் மட்டும் பழையது. இந்த நிரல்கள் ஐபி முகவரிகளை வரிசையில்லாமல் எடுத்து எடுத்துத் தட்டுபவை. அவற்றுக்கு ரெம்பாவும் ஒன்று, ரியோவும் ஒன்று. விளக்கு எரிந்த சில நிமிடங்களில் யார் முதலில் வந்து தட்டுகிறார்களோ அவர்களுக்கு அந்தப் பெட்டி. ஒரு மழைக்கு மிராய், அடுத்த மழைக்கு ஹாஜிமே. பொருளாளரின் திரையில் இரண்டுக்கும் ஒரே படம்தான்: மூலஸ்தானம், உண்டியல், வாசல்.

மூன்றாவதாக வந்தது கோபக்காரன். 2017 மார்ச் 20 முதல், ராட்வேர் நிறுவனம் பொறியாக வைத்திருந்த போலிக் கருவிகளில் ஒன்றை நான்கே நாட்களில் 1,895 முறை யாரோ தாக்கினார்கள். நுழைந்ததும் சேமிப்பகத்தின் மேல் பொருளற்ற எழுத்துகளை எழுதி நிரப்புவது, இணையத்துக்குப் போகும் வழியை நீக்குவது, கோப்புகளை எல்லாம் அழிப்பது, கடைசியில் கருவியை அணைத்து எழுப்புவது. எழுந்திருக்கத்தான் எதுவும் மிச்சமிருக்காது. பிரிக்கர்பாட் என்று ராட்வேர் பெயர் வைத்தது. ஜானிட்டர் என்ற புனைபெயரில் ஒருவர் வெளிப்பட்டு, நான்தான் செய்கிறேன் என்றார். கருவியைச் சேதமில்லாமல் பாதுகாக்கத்தான் முதலில் முயல்கிறேன், முடியாவிட்டால்தான் அழிக்கிறேன். பாதுகாப்பற்ற கருவியை விற்றவர்களும் வாங்கியவர்களும் திருந்தாததால் வேறு வழியில்லை என்பது அவர் வாதம்.

அந்த வாதம் 2017 ஜூலை கடைசி வாரத்தில் இந்தியாவுக்குள் இறங்கியது. அரசுத் தொலைபேசி நிறுவனங்களான பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களின் மோடம்கள் வரிசையாகச் செத்தன. கர்நாடகத்தில் அடி பலமாக இருந்தது. வேறு மாநிலங்களிலும் புகார்கள் குவிந்தன. பாதிக்கப்பட்ட மோடம்கள் 60,000க்கும் மேல் என்று செய்திகள் வந்தன. மோடமில் சிவப்பு விளக்கு எரியும், அல்லது விட்டு விட்டு மின்னும், இணையம் வராது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லான அட்மினை மாற்றாதவர்கள் உடனே மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் அறிவித்தது. தாக்குதல் என்னுடையதுதான் என்றார் ஜானிட்டர். அந்த வலைகளில் 7547 போர்ட் வெளியாருக்கும் திறந்து கிடந்தது. ஜெர்மனியில் எட்டு மாதம் முன்பே உலகம் பார்த்த அதே போர்ட்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. இந்தியாவில் ஜிஎஸ்டி வரி அமலுக்கு வந்து நான்கு வாரம்கூட ஆகாத நேரம். அதுவரை பேரேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடைக்காரர்களுக்கு இணையம் திடீரென்று சட்டத் தேவையாகிவிட்டிருந்தது. அந்த வாரத்தில் ஒரு காலை மோடமில் சிவப்பு விளக்கு. கடைக்காரர் செய்த பிழை என்ன? நிறுவனம் கொடுத்த மோடமை, நிறுவனத்தின் ஆள் வந்து பொருத்திய நிலையில், அப்படியே வைத்திருந்தார். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று அவரிடம் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. 7547ஐ வெளியாருக்கு அடைக்கும் வேலை அவருடையதே இல்லை. அது தொலைபேசி நிலையத்தில் நடக்க வேண்டியது. தண்டனை மட்டும் அவர் வீட்டுக்கு வந்தது. ஜானிட்டர் செய்தது காவல் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஊசிப்போன சோறு விற்ற கடையை விட்டுவிட்டு, சாப்பிட்டவனின் இலையைப் பிடுங்கி எறிந்த கதை அது.

2017 டிசம்பரில் அவர் ஓய்வு பெறுவதாக அறிவித்து நீண்ட கடிதம் ஒன்று விட்டுச் சென்றார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகளை முடக்கியதாக அதில் அவர் சொன்ன கணக்கைச் சரிபார்க்க வழியில்லை. அவர் யார் என்றும் தெரியவில்லை.

சட்டத்துக்கு இதில் குழப்பமே இல்லை. மலேசியாவின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் ஒரு கணினியின் உள்ளடக்கத்தை மாற்றுவது குற்றம் என்கிறது. மாற்றம் நிரந்தரமா தற்காலிகமா என்பது பொருட்டில்லை என்றும் சொல்கிறது. ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஏழாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். செய்தவர் வெளிநாட்டில் இருந்தாலும் கணினி மலேசியாவில் இருந்தால் போதும். ஆக, ரெம்பாவில் ஒரு கோயில் பெட்டியின் 23ஆம் போர்ட்டை அடைத்துவிட்டுப் போன நல்லவரும் இந்தச் சட்டப்படி குற்றவாளி.

இதே வேலையை அரசு செய்தால்? 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சீன அரசின் ஆதரவுள்ள ஊடுருவல்காரர்கள் பிடித்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான சிறு அலுவலக, வீட்டு ரவுட்டர்களுக்குள் எஃப்பிஐ நுழைந்து தீய நிரலை அகற்றியிருந்தது. ரவுட்டரை அணைத்து எழுப்பினால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும் என்று அவர்களே சொன்னார்கள், வைஃபாட்சின் நிலைதான். ஆனால் நீதிமன்ற அனுமதி வாங்கியிருந்தார்கள், உடைமைக்காரர்களுக்கு இணையச் சேவை நிறுவனங்கள் வழியாகவும் தகவல் அனுப்பினார்கள். இரண்டாவதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

தோட்டத்துக்காரர்களுக்குக் கேட்காமல் வரும் பாதுகாப்பு புதிதில்லை. 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் தோட்டத்து லயங்களை ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்வேலி போட்டு, ஊரடங்கும் வைத்தார்கள். கம்யூனிஸ்ட்டுகளிடமிருந்து உங்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்னார்கள். காப்பாற்றவும் செய்திருக்கலாம். வேலிக்குள் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைப் பெரியவர்கள் மறந்ததில்லை.

ரெம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் அலமாரி மேலிருந்த டிவிஆர் பெட்டியை அண்மையில் இறக்கிப் பார்த்தோம். மேலே விபூதித் தூசு, பின்பக்கத்தில் பல்லி முட்டை. கடவுச்சொல் 123456. மோடமின் பக்கத்தைத் திறந்தால் டிவிஆருக்கென்று மூன்று போர்ட்கள் வெளியுலகத்துக்குத் திறந்திருந்தன. அவற்றில் ஒன்று 23. எதற்காகத் திறந்தார்கள் என்று பொருத்தியவரிடம் கேட்க அவர் தொலைபேசி எண் இப்போது வேலை செய்யவில்லை. பொருளாளர், பால்வெட்டுக் காலத்திலிருந்து அந்தத் தோட்டத்திலேயே இருப்பவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாராச்சும் உள்ள வந்து பார்த்திருப்பாங்களா தம்பி?"

"வந்திருந்தாலும் நமக்குத் தெரியாது அண்ணே. வந்து போனவங்க கணக்கு இதுல நிக்காது."

"கெட்டவன் வந்திருந்தா?"

"கெட்டவன் வந்தாலும் தெரியாது, விரட்ட நல்லவன் வந்தாலும் தெரியாது."

"நல்லவனா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டுல்ல போயிருக்கணும்" என்றார் அவர்.

வெள்ளை அணியிடமும் ஜானிட்டரிடமும் ஹாஜிமேயை எழுதியவரிடமும் நான் கேட்க விரும்புவது அதையேதான். கேமராப் படத்தின் மேல் நேரம், தேதி எழுத அந்தப் பெட்டிக்குத் தெரியும். ரவுட்டருக்குள் அவ்வளவு தூரம் போன ஒரு நிரல், உடைமைக்காரர் கண்ணில் படும் இடத்தில் இரண்டு வரி காட்ட வழி தேடியிருக்கலாம். அது கடினம், பெட்டிக்குப் பெட்டி மாறும் என்பது உண்மை. ஆனால் அவர்கள் செலவிட்ட உழைப்பில் பெரும்பங்கு மற்ற நிரல்களை வெல்லவும் ஆய்வாளர்களுக்குப் பதில் சொல்லவும் போயிற்று. பெட்டிக்குச் சொந்தக்காரரை அவர்கள் பேசத்தக்க ஆளாகவே எண்ணவில்லை. அதனால்தான் மழை பெய்து ஓய்ந்ததும் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பியது. கடவுச்சொல்லை மாற்றக்கூடிய ஒரே மனிதருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

அன்று அந்த மூன்று போர்ட்களையும் அடைத்தோம். கருவிகள் தாமாகவே வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி அமைப்பையும் மோடமில் நிறுத்தினோம். கடவுச்சொல்லைப் பொருளாளரே தட்டச்சிட்டு, உபயக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கம் தம் கையால் எழுதி வைத்தார். புதிய ஃபெர்ம்வேர் அந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை. செம்போங்கில் இருக்கும் நண்பரை அழைத்து அவர் வீட்டிலிருந்து கோயில் முகவரியைத் தட்டிப் பார்க்கச் சொன்னபோது 23இல் பதிலில்லை. வெளியூரிலிருந்து படம் பார்க்கும் வசதி அதோடு போய்விட்டது. பரவாயில்லை, அடுத்த பெட்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பொருளாளர்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல், எளிதில் யூகிக்கும் கடவுச்சொல் போட்டு விற்பது சட்டவிரோதம். எத்தனை நாள் வரை பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்பதையும் தயாரிப்பவர் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியாவில் 2020 முதலே இத்தகைய சட்டம் இருக்கிறது. வைஃபாட்சும் ஹாஜிமேயும் லட்சக்கணக்கில் நுழைந்து செய்ய முடியாததை விற்பனைக் கூடத்திலேயே செய்ய முனைகிற சட்டங்கள் இவை.

நம் பக்கத்துக் கோயில் நிர்வாகங்கள் அத்தகைய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கேமராவுக்குக் கொட்டேஷன் கேட்கும்போதே எழுதிக் கேட்கலாம்: இந்த மாடலுக்கு எந்த ஆண்டுவரை ஃபெர்ம்வேர் வரும், டெல்நெட் மூடியிருக்கிறதா, மோடமில் எந்தெந்தப் போர்ட்டைத் திறப்பீர்கள், கடவுச்சொல்லை எங்கள் முன்னால் மாற்றித் தருவீர்களா. பதில் சொல்லத் தெரியாதவருக்கு வேலையைக் கொடுக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவிச் சேவைக்கு யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். இன்னொன்று: புதுப் பெட்டி வந்ததும் பழையதை வீணாக்குவானேன் என்று பக்கத்துத் தோட்டத்துக்கோ பாலர் பள்ளிக்கோ தூக்கிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கொடுப்பதானால், இணையத்தில் இணைக்க வேண்டாம், படம் பதிவு செய்ய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அதைப் பெட்டியின் மேலேயே தமிழில் எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும்.